கேரியரில் இரண்டாவது அடுக்கு

மறுபடியும் ஓட விட்டுப் பாக்குறேன். எவர்சில்வர் டிபன் கேரியர், அஞ்சு அடுக்கு, ஒவ்வொண்ணும் தனியா சுத்துது. மேல் அடுக்கு இந்தப் பக்கமா, அதுக்குக் கீழது அந்தப் பக்கமா. ஒவ்வொரு அடுக்கோட வயித்தைச் சுத்தியும் ஒரு முகம் ஓடுது. போட்டோ ஒட்டுன மாதிரி இல்ல, அசையுற முகம், சிமிட்டும், திரும்பும், சிரிக்கும். கடைசியில எல்லா முகமும் நம்மளைப் பாத்து நிக்கும், மேலேர்ந்து கைப்பிடி இறங்கி வந்து கிளிப் டக்குன்னு விழும், சீரியல் பேரு வரும். வாரத்துல ஆறு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வீடு ஓடுற டைட்டில். நான் பண்ணுனது. எம் பேரு எங்கயும் வராது, வரலைன்னா என்ன, சோறு வடிச்சவங்க பேரை யாரு தட்டுல எழுதுறா. தட்டையா எடுத்த படத்தை உருளையான ஒரு சாமான் மேல சுத்தணும்னா பாட்டில் மேல லேபிள் ஒட்டுறாப்லதான்னு எல்லாரும் நினைக்கிறாங்க. லேபிள்ல இருக்குற முகம் சும்மா இருக்கும், இது திரும்பும். திரும்புற முகம் வளைவு மேல போகும்போது மூக்கு பருத்துக்கும், காது ரெண்டும் ஓரத்துல போய் ஒடுங்கிடும். அதனால முன்னாடியே முகத்தைப் பக்கவாட்டுல கொஞ்சம் அமுக்கி வச்சுக்கணும். எவ்வளவு அமுக்கணும்ங்கறது முகத்துக்கு முகம் மாறும். இப்ப ரெண்டாவது அடுக்குல இந்தப் பொண்ணு பட்டினி கிடந்தவ மாதிரி தெரியுறா, ஏன்னா நான் அமுக்கி வச்சிருந்தது வேற முகத்துக்கு. அந்த முகம் அகலம். கன்னம் ரெண்டும் நல்லா இருக்கும். அது வசுவோட முகம். வசுமதி, என் பொண்டாட்டி.

சரி, அதை இப்ப நினைக்க வேண்டாம், அளவை மாத்து. கொஞ்சம் விரிச்சு விடு. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப மனுஷ முகமா இருக்கு. பேரு அனுரேகாவாம். காலையில வந்து கம்ப்யூட்டரைப் போட்டா டெஸ்க்டாப்புல ஒரு போல்டர், பேரு 'கற்பகம் புதுசு'. கற்பகம்ங்கறது சீரியல்ல பெரிய மருமக, ரொம்ப வருஷமா வசு பண்ற வேஷம். நான் அந்தப் பேரைப் படிச்சுட்டு வசுவைத்தான் புதுசா எடுத்திருக்காங்க போல, புதுப் புடவை, புது டைட்டிலுன்னு நினைச்சு, நேத்து சாயங்காலம் வரைக்கும் வீட்டுலதானே இருந்தா, எப்ப எடுத்தாங்கன்னு யோசிச்சுக்கிட்டே திறந்தேன். திறந்தா பச்சைத் திரை முன்னாடி வேற ஒரு பொண்ணு. அதே கலர் புடவை, அதே கொண்டை, அதே மூக்குத்தி. எட்வின் சார் பின்னாடி வந்து நின்னது எனக்குத் தெரியவே இல்ல. இந்த ஸ்டுடியோ அவரோடது, சாலிகிராமத்துல ஒரு மாடி, நாலு மிஷின், ஒரு ஏசி. நாகர்கோவில்காரர், அதட்டிப் பேசத் தெரியாது. தோள்ல கையை வச்சாரு. "குரு, எனக்கே நேத்துதான் சொன்னாங்க. சேனல்லேர்ந்து வந்த முடிவு. நீ பண்ண வேண்டாம்னா சொல்லு, நான் வெளியில வேற ஆளை வச்சு முடிச்சுக்கறேன்." நான் இல்ல சார், நானே பண்றேன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு அப்பலேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். வேற ஆளு கையை வச்சா மத்த நாலு அடுக்கும் போயிடும்னு ஒரு பயம், அது நிஜம். என் ஃபைலுக்குள்ள எது எங்க இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் நிஜம். ஆனா அதுக்காகவா? பொண்டாட்டி முகத்தை எடுத்துட்டு வேற முகத்தை வைக்கிற வேலையை, வேற எவனோ கோணலா வச்சிடுவானேன்னு நானே பண்றேன்னா, என்னை என்னன்னு சொல்றது. கிறுக்கன்னுதான் சொல்லணும்.

அப்புறம் சார் இன்னொண்ணு சொன்னாரு, மெல்லமா, பக்கத்துல யாரும் இல்லாட்டியும் மெல்லமா. "வீட்டுல இப்ப சொல்லாதப்பா. திங்கக்கிழமை போகட்டும், அப்புறம் சொல்லிக்கோ." திங்கக்கிழமை சாயங்காலம் டைட்டில் மாறும், கற்பகம் வர்ற முதல் சீன்ல கீழ எழுத்து ஓடும், இனி கற்பகமா நடிக்கறது இவங்கன்னு. வசுவுக்கு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. இதுல அப்படித்தான், யாரையும் கூப்பிட்டு நீ வேண்டாம்னு சொல்றது கிடையாது, ஷூட்டிங் டேட் சொல்ற போன் வராது, அவ்வளவுதான். ஷெட்யூல் தள்ளிப் போயிருக்கும்மா, ஹீரோயினுக்கு உடம்பு சரியில்லம்மா, செட்டு மாத்துறோம்மா. அந்த அம்மா வீட்டுல உக்காந்து போனைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க, ஒருநாள் டிவியில தன் புடவையை வேற ஒருத்தி கட்டிக்கிட்டு வருவா. சார் ஏன் திங்கள்னு சொன்னாருன்னும் எனக்குத் தெரியும். நடிகர் சங்கத்துல ஒரு வழக்கம் இருக்கு, முகம் மாறுறதுக்கு முன்னாடி ஆர்ட்டிஸ்ட் போய் நின்னா, சங்கத்துலேர்ந்து தயாரிப்பாளரைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுவாங்க. பல தடவை பேசி நின்னிருக்கு. முகம் மாறி ஒளிபரப்பாயிடுச்சுன்னா ஒண்ணும் கிடையாது, ஐயோ பாவம்மான்னு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவாங்க. இன்னைக்கு வெள்ளி. நாளைக்கும் ஞாயித்துக்கிழமையும் சங்கம் பூட்டியிருக்கும். அதனால சொல்றதுன்னா இன்னைக்குச் சொல்லணும், சாயங்காலத்துக்குள்ள. சொன்னா இங்கேர்ந்துதான் போச்சுன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். எட்வின் சாருக்கு அந்த சேனல் வேலைதான் பாதிப் பொழைப்பு. எனக்கு எட்வின் சார்தான் பொழைப்பு. இதை எப்படிச் சுத்தி வச்சாலும் ஒரு ஓரம் வந்து இன்னொரு ஓரத்துல முட்டுது.

ஓரம்னதும் ஞாபகம் வருது, தையலைப் பாக்கலை. படத்தோட இடது ஓரமும் வலது ஓரமும் அடுக்குக்குப் பின்னாடி போய் ஒட்டும்ல, அதை நாங்க தையல்னு சொல்லுவோம், அது கேமரா பக்கம் எட்டிப் பாத்துடக் கூடாது. பச்சையை எடுத்துட்டு கிரீம் கலர் பேக்ரவுண்டு போட்டிருக்கேன், ரெண்டு ஓரத்துலயும் ஒரே கலர்தான், ஆனாலும் எங்கயோ ஒரு கோடு நிக்கும். பாக்குறவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், தெரிஞ்சா ராத்திரி தூக்கம் வராது. அதனால எந்த அடுக்கும் முழுச் சுத்து சுத்தாது. சுத்துற மாதிரி இருக்கும், பின்னாடி கொஞ்சம் போனதும், தையல் முன்பக்கம் வர்றதுக்குள்ள திரும்பிடும். இதைப் பண்ணும்போது வசு பக்கத்துல உக்காந்திருந்தா. சீரியல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, லீவு நாள்ல இங்க வந்து, இந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில. தன் மூஞ்சி கேரியர் மேல சுத்தறதைப் பாத்துட்டு, "ஏங்க, எனக்குள்ள என்ன இருக்கும், சாம்பாரா ரசமா"ன்னா. மேல் அடுக்குல மாமனார் இருக்காரு, அவருதான் அப்பளம், நீ கூட்டுன்னேன். அன்னைக்கெல்லாம் வீட்டுல அதே பேச்சு. டைட்டில் வரும்போது நான் சமையக்கட்டுல இருந்தா கூட்டு வந்துடுச்சு வாங்கம்பா. அவ எவ்வளவு காலம் காத்திருந்து வந்த வேஷம் தெரியுமா. அதுக்கு முன்னாடி நர்ஸு, கல்யாணத்துல தட்டு தூக்குறவ, பொணத்துக்குப் பக்கத்துல அழறவ. டாக்டர் ஆபரேஷன் சக்ஸஸ்ங்கறதுக்கு முன்னாடி கதவைத் திறந்து விடுறவ. டைட்டில்ல முகம் வர்ற வேஷம் இது ஒண்ணுதான்.

இப்ப மார்க்கெட்டுல அவளை யாரும் வசுமதின்னு கூப்பிடறது இல்ல. கற்பகம்தான். கீரை விக்கிற அம்மா கீரைக்கட்டைக் கையில வச்சுக்கிட்டே, "ஏண்டி, அந்தச் சின்னப் பொண்ணை இப்படிப் படுத்தறியே, நீ நல்லாயிருப்பியா"ன்னு கேட்டுச்சு, கேட்டுட்டு ஒரு கட்டு கொத்தமல்லி சும்மா குடுத்துச்சு. வசு வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. கொடுமைக்காரி வேஷம். சின்ன மருமகளை அடிக்கிற மாதிரி சீன் வாரத்துக்கு ஒண்ணாவது இருக்கும், கை கன்னத்துக்குப் பக்கத்துல வரும், அந்தப் பொண்ணு தலையைத் திருப்பும், சத்தத்தை அப்புறம் சேத்துக்குவாங்க. போன மாசம் புது டைரக்டர் வந்தாரு. நிஜமா அடிங்கம்மா, அப்பத்தான் கண்ணுல தண்ணி வரும்னாரு. அடிச்சா. ஒன் மோர். அடிச்சா. ஒன் மோர். அந்தப் பொண்ணுக்குக் கன்னம் செவந்து காது வரைக்கும் போயிடுச்சு, அது வாயைத் திறக்கலை, புதுசா வந்த பொண்ணு என்ன சொல்லும். வசு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நடுச் செட்டுல உக்காந்துட்டா. எந்திரிக்க மாட்டேன்னுட்டா. கத்தலை, சண்டை போடலை. உக்காந்தா, அவ்வளவுதான். மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தா, அப்புறம் அந்த ஷாட்டு வேணாம்னு விட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்து மேக்கப்பைத் துடைச்சுக்கிட்டே இதை ஏதோ பஸ்ஸு லேட்டுங்கற மாதிரிச் சொன்னா. நீ ஏன் உக்காந்தேன்னு கேக்கத் தோணலை, ஆனா எந்திரிச்சிருக்கலாமேன்னு ஒரு நினைப்பு ஓடுச்சு, அதை அவ கண்டுபிடிச்சிருப்பா, அவளுக்கு என் மூஞ்சி அத்துப்படி. அதுலேர்ந்து டேட் வரலை. ஹீரோயினுக்கு உடம்பு சரியில்லையாம்.

அடுக்கு சுத்துது. அனுரேகா இடது பக்கம் பாத்துட்டு வலது பக்கமாத் திரும்புறா, திரும்பும்போது கண்ணு முதல்ல வருது, அப்புறம் தாடை, அப்புறம் சிரிப்பு. நல்லாத்தான் திரும்புறா. வசுவுக்குச் சிரிப்பு வர்றதுக்கு முன்னாடி இடது கண்ணு லேசா சின்னதாகும், அதைக் கல்யாணம் கட்டுனப்ப நான் பாத்ததில்ல, இந்த டைட்டில் பண்ணும்போது ஒவ்வொரு ஃபிரேமா நகர்த்திப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. வீட்டுல மனுஷங்களை அவ்வளவு மெதுவா யாரு பாக்குறா. இந்தப் பொண்ணுக்கு அது இல்ல. இவளுக்குச் சிரிப்பு நேரா வந்துடுது. வேலையைப் பொறுத்தவரைக்கும் இதுதான் வசதி, சிமிட்டல் வளைவுல போய் நசுங்காது. இப்படி யோசிக்கிறேன் பாரு. கை ஒரு பக்கம் வேலை பாக்குது, மனசு ஒரு பக்கம் அழுவுது, வாய் இதுதான் வசதிங்குது. படத்துக்குள்ள பெரிய வெளிச்சத்தைப் போட்டுப் பாக்கலாம். ஒரு ஃபிரேமை நிறுத்திப் பெருசு பண்றேன். உலோகத்தோட பளபளப்பு முகத்து மேல லேசா விழணும், அப்பத்தான் பாத்திரத்து மேல இருக்கற முகமாத் தெரியும், இல்லாட்டி முகம் தனியா மிதக்கும். பளபளப்பு சரியா இருக்கு. நிழல் சரியா இருக்கு. கீழ் அடுக்கோட விளிம்புல, அந்த வளைஞ்ச ஓரத்துல, மேல் அடுக்கோட முகம் தலைகீழா நசுங்கித் தெரியும், அதுதான் எவர்சில்வர். அதைப் பாத்ததும் கை நின்னு போச்சு. மேல அனுரேகா சிரிக்கிறா. விளிம்புல வசு சிரிக்கிறா.

பேயும் இல்ல பிசாசும் இல்ல. என் தப்புதான். அன்னைக்கு ரெண்டர், அதான் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் படமா எடுக்கறது, ரொம்ப நேரம் இழுத்துச்சுன்னு விளிம்புல விழுற பிம்பத்தையெல்லாம் தனியா ஒரு படமா ஓட்டி எடுத்து வச்சுட்டேன், ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து கணக்குப் போட வேண்டாமேன்னு. இப்ப மேல இருக்கற முகத்தை மட்டும் மாத்தியிருக்கேன். பிம்பம் பழைய படம், அது பாட்டுக்கு ஓடுது. இப்படியே அனுப்பியிருந்தா என்ன ஆயிருக்கும். யாருக்கும் தெரியாது, விரல் நகம் அளவு, அதுவும் தலைகீழா, ஒரு நொடி. சேனல்ல தெரியாது, கீரைக்கார அம்மாவுக்குத் தெரியாது. வசுவுக்கு? தெரிஞ்சாலும் தெரியும். விட்டுடலாமான்னு தோணுது. அவளுக்காக நான் ஏதோ பண்ணுனாப்ல இருக்கும். வேற எதுவும் பண்ணாம இதை மட்டும் பண்ணிட்டு, பின்னாடி ஒருநாள், பாரு உன்னை நான் எடுக்கவே இல்ல, ஓரத்துல வச்சிருக்கேன்னு காட்டலாம். அவ என்ன சொல்லுவா. விளிம்புல தலைகீழா வச்சீங்களே, ரொம்ப தேங்ஸுங்கன்னு சொல்லுவா. அதுவும் சிரிக்காமச் சொல்லுவா. எனக்கே வெக்கமாப் போச்சு. பிம்பத்தை அழிச்சுட்டு மறுபடி ஓட்டுறேன். இது ஓடி முடிய மத்தியானச் சாப்பாடு ஆயிடும். அதுவரைக்கும் எனக்கு வேலை இல்ல. வேலை இல்லைங்கறதுதான் இப்ப கஷ்டம்.

எட்வின் சார் ரூம்ல சேனல்காரங்ககிட்ட போன் பேசிக்கிட்டு இருக்காரு, ஆமா மேடம், ஆமா மேடம், சாயங்காலம் குடுத்துடுவோம் மேடம். அவரையும் குத்தம் சொல்ல முடியாது. எங்க கல்யாணத்துக்கு வந்து பந்தியில நின்னு பரிமாறுனவரு. வசுவைத் தங்கச்சின்னு கூப்பிடுவாரு. அவரு மனசும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும், அதான் காலையிலேர்ந்து என் பக்கம் வரலை. இந்தப் பொண்ணை, அனுரேகாவைக் குத்தம் சொல்லலாமா. ஒரு வில்லி கிடைச்சா நல்லா இருக்கும், கோபப்படலாம். இவதான் எப்படியோ பேசி வாங்கியிருப்பான்னு நினைச்சுக்கிட்டு, போல்டர்ல இருக்கற முழு ஃபுட்டேஜையும் திறக்குறேன். நான் எடுத்துக்கிட்டது சிரிப்பு வர்ற துண்டு மட்டும்தான். முன்னாடி என்ன இருக்குன்னு பாக்கலை, எப்பவுமே பாக்கறதில்ல, டைட்டிலுக்குச் சத்தமே தேவையில்ல. ஹெட்ஃபோனை மாட்டுறேன். முதல்ல ஃபேன் சத்தம். யாரோ லைட்டை இழுக்குறாங்க. அந்தப் பொண்ணு நிக்குது, புடவைத் தலைப்பைச் சரி பண்ணிக்குது, ரொம்பச் சின்ன வயசு, மேக்கப்புல வயசைக் கூட்டியிருக்காங்க. கேமராவுக்குப் பக்கத்துல யாரையோ பாத்துக் கேக்குது. "சார், கற்பகம் பண்ணுன அக்காவுக்குத் தெரியும்ல?" ஒரு குரல், யாரு குரல்னு தெரியலை, "தெரியும்மா. எல்லாம் பேசியாச்சு. நீ சிரி." அந்தப் பொண்ணு இடது பக்கம் பாக்குது. திரும்புது. சிரிக்குது.

ஹெட்ஃபோனைக் கழட்டி மேஜையில வச்சேன். இவ்வளவு நேரமா அந்தச் சிரிப்பைத்தான் அமுக்கி, விரிச்சு, பளபளப்புப் போட்டு, எவர்சில்வர் மேல சுத்திக்கிட்டு இருந்திருக்கேன். அந்தப் பொண்ணு கேட்டிருக்கு. எனக்கு முன்னாடி அதுக்குத்தான் கேக்கணும்னு தோணியிருக்கு. நான் புருஷன், அவ சமைச்ச உப்புமாவைத் தின்னுட்டு வந்தவன், காலையிலேர்ந்து தையல் தெரியுதா, காது ஒடுங்குதான்னு பாத்துக்கிட்டு இருக்கேன். சரி, போன் பண்ணி என்னன்னு சொல்லுவே. வசு, உன்னைத் தூக்கிட்டாங்கன்னா? வசு, ஒரு விஷயம், பதறாதன்னா? பதறாதன்னு சொன்னாலே பதறுவா. சாயங்காலம் நேர்ல சொல்லலாம்னா சாயங்காலம் சங்கம் பூட்டிடும். சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போகலாம். போனா ஏன் வந்தீங்கம்பா. அவ முகத்தைப் பாத்துக்கிட்டுச் சொல்றது ரொம்பக் கஷ்டம், பாக்காம போன்ல சொல்றது கோழைத்தனம், சொல்லாம இருக்கறது என்னன்னு சொல்ல எனக்கு வார்த்தை வரலை. ஒரு டீ குடிக்கலாமா. டீ குடிச்சா தைரியம் வருமா, டீ குடிச்சா டீதான் வரும். பிம்பம் ஓடிக்கிட்டு இருக்கு, எவ்வளவு முடிஞ்சுதுன்னு காட்டுற கோடு பாதிக்கு மேல வந்துடுச்சு. போனைக் கையில எடுக்குறேன், வைக்கிறேன், எடுக்குறேன். கையில இருக்கும்போதே அடிக்குது. வசு.

"ஏங்க, வேலையா இருக்கீங்களா?" பின்னாடி ஹேர் டிரையர் சத்தம். இல்ல சொல்லுன்னேன். தெருமுனை பார்லருக்கு வந்திருக்காளாம். "நுனி மட்டும் வெட்டலாம்னு வந்தேன். இந்தப் பொண்ணு சொல்லுது, முடி ரொம்பக் கொட்டியிருக்கு, தோள் வரைக்கும் வெட்டிட்டா நல்லா வளரும்ங்குது. கொண்டை போடணுமே, தோள் வரைக்கும் வெட்டிட்டு என்னத்தைக் கொண்டை போடறது. டேட் சொல்ற மேனேஜரைக் கேக்கலாம்னு அடிச்சா எடுக்கவே மாட்டேங்குறாரு. கண்டின்யூட்டி இடிக்கும்ல? விக் வச்சுச் சமாளிச்சுக்கலாமா? நீங்க என்ன சொல்றீங்க?" அவ எப்பவும் இப்படித்தான். முடியைக் கேக்காம வெட்ட மாட்டா, புருவத்தைக் கேக்காம எடுக்க மாட்டா, கல்யாண வீட்டுல மருதாணி வைக்கக் கூப்பிட்டாக்கூட ஷூட்டிங் இருக்குன்னு கையை இழுத்துக்குவா. போன வாரம் எடுத்த சீனுக்கும் அடுத்த வாரம் எடுக்கற சீனுக்கும் நடுவுல ஆளு மாறிடக் கூடாதுன்னு, தன் உடம்பையே யாரோ குடுத்து வச்ச சாமான் மாதிரி இத்தனை வருஷமாப் பாத்துக்கிட்டா. அவங்க ஆளையே மாத்திட்டாங்க, இவ நுனியை வெட்டலாமான்னு கேக்குறா. நான் யோசிச்சு வச்ச ஒரு வார்த்தையும் ஞாபகத்துக்கு வரலை.

"வெட்டிக்கோ வசு"ன்னேன். "தோள் வரைக்குமே வெட்டிக்கோ. யாரையும் கேக்க வேண்டாம்." டிரையர் சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம் அதுவும் நின்னுச்சு, அவதான் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லியிருப்பா. "யாரு?"ன்னா. அனுரேகான்னு ஒரு பொண்ணுன்னேன். "எப்பலேர்ந்து?" திங்கள்னேன். "நீங்கதான் மாத்துறீங்களா?" ஆமான்னேன். நான் என்னென்னமோ சொல்ல வாயைத் திறந்தேன், காலையிலதான் தெரியும், சார் சொல்ல வேண்டாம்னாரு, அந்தப் பொண்ணு உனக்குத் தெரியுமான்னு கேட்டுச்சு, எல்லாம் ஒண்ணா வந்து ஒண்ணும் வெளியில வரலை. அவ போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பார்லர் பொண்ணுகிட்ட பேசுறது கேக்குது, குரல்ல ஒரு நடுக்கமும் இல்ல. "வேண்டாம்மா. வெட்டலை. துண்டை எடுத்துடு." அப்புறம் என்கிட்ட. "நான் சங்கத்துக்குப் போறேங்க. இந்த முடியோடவே போறேன். நான் கற்பகம் இல்லைன்னு யாராவது சொல்லணும்னா என்னைப் பாத்துச் சொல்லட்டும்." வண்டிச் சாவி சத்தம் கேக்குது. தலை ஈரமா இருக்கும், துவட்டிக்கிட்டுப் போன்னேன். ம்னா.

போனை வைப்பான்னு நினைச்சேன், வைக்கலை. வாசல்ல நிக்கிறா போல, ரோட்டுச் சத்தம் வருது. "ஏங்க, அங்க முதல்ல கேக்கறது யாரு சொன்னாங்கங்கறதுதான். தயாரிப்பாளரைக் கூப்பிட்டதும் அவரும் அதைத்தான் கேப்பாரு. நான் யாரோ சொன்னாங்க, காதுல விழுந்துச்சுன்னு சொல்லிக்கறேன். உங்க பேரு வர வேண்டாம். எட்வின் அண்ணனுக்கும் கஷ்டம்." அதைத்தான் காலையிலேர்ந்து நான் வேண்டிக்கிட்டு இருந்தேன், இப்படி ஒரு வழி கிடைக்காதான்னு. அவளே எடுத்துக் குடுக்குறா, கேக்காமலே, ஈரத் தலையோட ரோட்டுல நின்னுக்கிட்டு. யாரோன்னு சொன்னா சங்கத்துல எடுபடாதுன்னு அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். காத்துல வந்த பேச்சுக்கெல்லாம் தயாரிப்பாளரைக் கூப்பிட மாட்டாங்க. திரையில கோடு முடியப் போகுது.

"எம் புருஷன் சொன்னாருன்னு சொல்லு"ன்னேன். "அவருதான் அந்த டைட்டிலைப் பண்றாரு, காலையிலேர்ந்து அந்தப் பொண்ணு முகத்தைத்தான் வச்சுக்கிட்டு இருக்காருன்னு சொல்லு. வேணும்னா எனக்கு போன் போடச் சொல்லு, நான் பேசறேன்." "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" இல்ல வசு, யோசிச்சா சொல்லியிருக்க மாட்டேன்னேன். அதுக்கு அவ சிரிக்கலை, அழவும் இல்ல. சரின்னா, சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன், நான் வர லேட்டாகும்னா, வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டா. நான் எந்திரிக்குறேன். சங்கத்துலேர்ந்து போன் வந்து எட்வின் சாருக்குத் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும். அவரு ரூம் கதவு திறந்துதான் இருக்கு.